ஆடி முடித்த பிறகும் மனத்தை விட்டு அகலாத கணங்கள்: இண்டி கேம் அனுபவங்கள்

கரையோரக் காற்று

தனியாளோ சிறு குழுவோ உருவாக்கும் இண்டி கேம்களில் ஒன்றான பேப்பர்ஸ் பிளீஸ் 2013இல் வந்தது. கற்பனை நாடொன்றின் எல்லையில் பயணிகளின் தாள்களைச் சரிபார்க்கும் அதிகாரியாக நாம் ஆட வேண்டும். நான் சென்ற மாதம்தான் ஆடினேன். ஐந்தாம் நாள் வரும் கணவன் மனைவியை ஆடியவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். கணவரின் தாள்கள் சரியாக இருந்தன. பச்சை முத்திரை குத்தி அனுப்பியபோது, அடுத்து வருபவர் தம் மனைவி என்றும், அவரிடம் கொஞ்சம் இரக்கம் காட்டும்படியும் சொல்லிவிட்டுப் போனார். மனைவியிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. தம் நாடான ஆன்டெக்ரியாவுக்குத் திரும்பினால் தம்மைக் கொன்றுவிடுவார்கள் என்றார். நான் சிவப்பு முத்திரையைக் குத்திக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு நாளின் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கைச் சீட்டு மட்டுமே வரும், அபராதம் கிடையாது என்பது எனக்கு அப்போதே தெரியும். அன்று நான் ஒரு தவறுகூடச் செய்திருக்கவில்லை. ஆகவே வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் குறைந்துவிடும் என்று நான் சாக்குச் சொல்ல வழியில்லை. சோதித்து முடிக்கும் ஆளுக்கு ஐந்து கிரெடிட் கூலி (கிரெடிட் என்பது அந்த விளையாட்டின் பணம்) என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வரிசை நகர வேண்டும் என்ற நினைப்பிலேயே கை முத்திரையை அழுத்திவிட்டது. கணவர் எல்லைக்கு அந்தப்பக்கம் காத்துக்கொண்டு நிற்பாரே என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மூன்றாம் சாமம்

எனக்கு அவுட்டர் வைல்ட்ஸ், விண்கலத்தில் கோள் கோளாகப் போய்த் தேடும் விளையாட்டு. அதில் டார்க் பிராம்பிள் என்ற முட்புதர்க் கோளுக்குள் மூடுபனியில் தெரிந்த வெளிச்சத்தை அடுத்த வாசல் என்று நம்பிக் கப்பலை முழு வேகத்தில் செலுத்தினேன். அருகில் போனதும் அந்த வெளிச்சம் என் பக்கம் திரும்பியது. அதன் பின்னால் பற்கள் இருந்தன; அது ஒரு ராட்சத மீன். அடுத்த நொடி, ஆட்டம் தொடங்கும் இடமான தீமூட்டத்தின் அருகே கண் விழித்தேன். அதன் பிறகு ஒரு வாரம் அந்தத் திசைக்கே போகவில்லை.

பின்னர் எம்பர் ட்வின் என்ற கோளின் குகையொன்றில், முன்பு அங்கே வாழ்ந்த நோமாய் இனக் குழந்தைகளின் விளையாட்டு விதிகளைப் படித்தேன். மீனாக ஆடும் குழந்தையின் கண்ணைக் கட்டிவிட வேண்டுமாம், ஏனென்றால் அந்த மீனுக்குக் கண் தெரியாது. அப்படியானால் சத்தத்தை வைத்துத்தான் அது நம்மைப் பிடிக்கிறது. உடனே திரும்பிப் போய், எஞ்சினைத் தொடாமல், முன்பு வந்த வேகத்திலேயே மூன்று மீன்களுக்கு நடுவே மிதந்து போனேன். கட்டுப்பாட்டுக் கருவியை மடியில் வைத்துவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மூச்சு அந்த மீனுக்குக் கேட்காது என்பது தெரிந்தும் அப்படித்தான் இருந்தேன்.

பழைய வானொலி

தம்பி மூன்றாம் சாமம், நீங்கள் எழுதியது நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மீனைப் பற்றிய உண்மையைப் பொதுவில் சொல்லியிருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மற்ற விளையாட்டுகளில் ஆயுதம் சேரும், நிலை உயரும், பலம் கூடும். இதில் 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்போது நம்மிடம் மிஞ்சுவது தெரிந்துகொண்டது மட்டும்தான். அதை முன்கூட்டியே ஒருவரிடம் சொல்லிவிட்டால் அவருக்கு ஆடுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

என் அனுபவம் சிறியது. விளையாட்டில் வரும் வானியலாளர் சேர்ட் ஒவ்வொரு 22 நிமிடச் சுற்றின் தொடக்கத்திலும் உற்சாகமாக மத்தளம் தட்டிக்கொண்டிருப்பார். வானில் வெடிக்கும் விண்மீன்களை எண்ணிக்கொண்டே வந்து, நம் சூரியனுக்கும் அதே கதி என்று அவர் உணரும் நேரத்தில் நான் தற்செயலாக அங்கே போய் இறங்கினேன். மத்தளம் நின்றிருந்தது.

இனி ஆடப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வழிகாட்டிக் காணொளி எதையும் பார்க்காதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் கப்பலில் இருக்கும் பதிவேட்டைத் திறந்து, எந்த இடத்தில் இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்று பாருங்கள். அது விடையைச் சொல்லாது, கேள்வியைத்தான் நினைவூட்டும். ஓரிடத்தில் இரண்டு மூன்று முறை முட்டிக்கொண்டால் பிடிவாதம் பிடிக்காமல் வேறு கோளுக்குப் போங்கள், ஏனெனில் ஒரு கோளின் பூட்டுக்குச் சாவி பெரும்பாலும் இன்னொரு கோளில்தான் கிடக்கிறது. காதில் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். கரையோரக் காற்று அவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பேப்பர்ஸ் பிளீஸில் எந்த நாளிலிருந்தும் மறுபடி தொடங்கலாம். ஐந்தாம் நாளைத் திறந்து அந்தப் பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

தாளிப்பு

பழைய வானொலி ஐயா, எல்லா விளையாட்டிலும் தெரியாமல் போவதுதான் சுவை என்று ஆகிவிடாது. 2023இல் டொரண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட வெண்பா என்ற சமையல் விளையாட்டில், கனடாவுக்குக் குடிபெயர்ந்த அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறை படிந்தும் இருக்கும். விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை அடுக்கும் இடத்தில் நான் ஊகிக்கவே இல்லை. ஒரு தட்டின் குழிக்கு நேர் மேலே அடுத்த தட்டின் குழி வரக் கூடாது, வந்தால் ஆவி ஏறாது, இட்லி அமுங்கிவிடும் என்று என் அம்மா அடுப்படியில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். திரையில் தட்டைத் திருப்பி வைத்தபோது அவர் குரல் காதில் கேட்டது. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

அவருடைய குறிப்பேடும் என்னிடம்தான் இருக்கிறது. வத்தக்குழம்புப் பக்கத்தில் எண்ணெய் ஊறி, புளியின் அளவு மட்டும் படிக்க முடியாமல் போயிருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் நான் அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கரையோரக் காற்று

ஐயா சொன்னபடி நேற்றிரவு ஐந்தாம் நாளைத் திறந்தேன். அந்தப் பெண்ணுக்குப் பச்சை முத்திரை குத்தினேன். எதிர்பார்த்தபடியே எச்சரிக்கைச் சீட்டு ஒன்று கரகரவென்று அச்சாகி வந்து விழுந்தது; ஒரு கிரெடிட்கூடக் குறையவில்லை. ஆனால் சேமித்த நாள்களின் பட்டியலில் இது ஒரு புதிய கிளையாகத்தான் பிரிந்து நிற்கிறது. நான் அவரைத் திருப்பி அனுப்பிய கிளை அழியாமல் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அழிப்பதற்கும் மனம் வரவில்லை.