உறுமியில் சென்சர் பொருத்துவது: அடி வேறு, உரசல் வேறு

வலந்தலை:
மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உறுமி மேளக் குழுக்கள் பலவும் ஆக்டோபேடை (தட்டினால் பதிவு செய்த ஒலியை எழுப்பும் மின்னணுப் பேட்) சேர்த்துக்கொண்டு வருகின்றன. சேர்க்கட்டும். ஆனால் உறுமியை ஒதுக்கிவிட்டு, அதன் பதிவு செய்த ஒலியைப் பேடில் தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாசிப்பவரின் கைப்பழக்கம் முழுவதும் அந்த வாத்தியத்தில்தான் இருக்கிறது. சென்சரை அங்கேயே கொண்டுபோய் வைக்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் அவரவர் அனுபவத்தை இங்கே போடுங்கள். உறுமியில் ஒரு பக்கம் அடிப்பது, மறுபக்கம் குச்சியால் உரசுவது. அடிக்கும் பக்கத்திலிருந்து நான் தொடங்குகிறேன்.

அடிக்கு 27 மி.மீ. பித்தளை பீசோ வட்டு (அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் சென்சர்) போதும். அதைத் தோலில் ஒட்டாமல், தோலை இழுத்துப் பிடிக்கும் வளையத்தில் ஒட்டுங்கள். தோலில் ஒட்டினால் நாதம் செத்துவிடும், இரண்டு நாளில் வட்டும் உதிர்ந்துவிடும்.

குச்சியால் ஓங்கி அடிக்கும்போது பீசோவிலிருந்து பல பத்து வோல்ட் கூட வரலாம். சிக்னலைப் படிக்கும் சின்னக் கணினிப் பலகையான டீன்சி 4.0இன் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பீசோவின் இரண்டு முனைக்கும் குறுக்கே 100 கிலோ ஓம் ட்ரிம்பாட் (திருகி மாற்றும் தடை) வைத்து, அதன் நடுக்காலிலிருந்து 10 கிலோ ஓம் வழியாகப் பலகைக்குக் கொண்டுபோங்கள். அந்த இடத்தில், மிகை வோல்ட்டைத் திருப்பிவிட, பேட்85 ஷாட்கி டையோடு இரண்டு: ஒன்று 3.3 வோல்ட்டுக்கு, ஒன்று கிரவுண்டுக்கு. பல வரைபடங்களில் 3.3 வோல்ட் ஜீனர் (வோல்ட்டை ஓர் எல்லையில் நிறுத்தும் டையோடு) ஒன்றை மட்டும் போட்டு முடித்திருப்பார்கள். குறைந்த வோல்ட் ஜீனர் அதன் எல்லைக்கு முன்பே கசியத் தொடங்கும். அதனால் நடுத்தர அடிக்கும் ஓங்கிய அடிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

எந்த அடி அடித்தாலும் 127 என்றே வந்தால் புரோகிராமைத் தோண்டாதீர்கள். ட்ரிம்பாட்டைக் குறையுங்கள். மிடியில் (மின்னிசைக் கருவிகள் தங்களுக்குள் பேசும் முறை) அடியின் வலுவுக்கு 127 படிதான் இருக்கிறது. மிக ஓங்கிய அடி 120ஐத் தொடும்படி வைத்தால் கீழே நல்ல இடம் கிடைக்கும்.

நேரக் கணக்கு இப்படி: சிக்னல், அடி என்று கணக்கில் எடுக்க நாம் வைத்த எல்லையைத் தாண்டியதும் 2 மில்லி செகண்ட் (மி.செ.) வரை உச்சத்தைத் தேட வேண்டும், உடனே நோட் அனுப்ப வேண்டும், பிறகு 25 மி.செ. காதை மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் ஒரே அடி மூன்றாக ஒலிக்கும். 50க்கு மேல் மூடினால் வேக அடிகள் காணாமல் போகும். நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் ஒரு தட்டை எட்டாகப் பிரித்தால் அடிக்கு அடி இடைவெளி ஏறக்குறைய 42 மி.செ.தான்.

சாலிடர் தம்பி:
அண்ணே சொன்ன வயரிங் சரி. ஆனால் ஒட்டும் இடத்தில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். உறுமியின் உடல் வளைந்தது, பீசோ தட்டை. வளைவின் மேல் அழுத்தி ஒட்டினால் உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் முடி போலக் கீறிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, சிக்னல் மட்டும் பாதியாகும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு கலவை எப்பாக்சி மாவைப் பிசைந்து, வெள்ளிக்காசு அளவுக்குத் தட்டை மேடை ஒன்று செய்து, அது இறுகிய பிறகு அதன் மேல் ஒட்டுங்கள். இரட்டைப் பக்க டேப் நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இளகிவிடும்.

ஈயம் வைக்கும்போது வட்டின் நடுவில் வைக்காதீர்கள், வெள்ளிப் பூச்சின் ஓரத்தில் வையுங்கள். சூட்டுக்கோல் 2 செகண்டுக்கு மேல் தங்கக் கூடாது. அதிகச் சூட்டில் பூச்சு உரிந்து வந்துவிடும், பீங்கானும் தன் குணத்தை இழக்கும். ஈயம் ஆறியதும் மேலே நகச்சாயம் ஒரு பூச்சு பூசினால் வியர்வை உப்பு ஏறாது. வயர் இழுபடாமல் இருக்க, ஈயத்திலிருந்து ஒரு விரல் தள்ளி வாத்தியக் கயிற்றோடு கட்டிவிடுங்கள். கழுத்தில் மாட்டி ஆடுகிற வாத்தியம், வயர் அறுவதெல்லாம் அங்கேதான்.

பீசோ வட்டும் டையோடும் ஈப்போவில் கிடைக்கவில்லையென்றால் கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் தேடலாம்.

வலந்தலை:
இப்போது உரசும் பக்கம். எனக்கு முக்கியமே இதுதான்.

வளைந்த குச்சியால் உரசும்போது வருகிற உறுமலுக்குத் தொடக்கம், முடிவு என்று ஒரு புள்ளி கிடையாது. அழுத்தம் கூடக் கூடச் சுருதி ஏறுகிறது, இறங்குகிறது, நடுவில் கரகரப்பு மாறுகிறது. இதை நோட்டாக மாற்றப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை முடியவே 12.5 மி.செ. ஆகும். சுருதி இன்னது என்று கண்டுபிடிக்க மென்பொருளுக்கு இரண்டு அலையாவது வேண்டும். 25 மி.செ. அங்கேயே போய்விட்டது. அதோடு மேல் ஸ்தாயியா கீழ் ஸ்தாயியா என்று தடுமாறும். எவ்வளவு விலை உயர்ந்த கணினி கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே உரசலை ஒலியாகவே எடுங்கள். இன்னொரு பீசோவை மைக்காக வைத்து, அந்த ஒலியையே பதப்படுத்துங்கள். அடி மிடி வழியில் போகட்டும், உரசல் ஆடியோ வழியில் போகட்டும். ஒரே வாத்தியத்தில் இரண்டு தனிப் பாதை.

இந்தப் பீசோவுக்கு முன்பெருக்கி கட்டாயம். 27 மி.மீ. வட்டின் கொள்ளளவு சுமார் 20 நானோ ஃபாரட். அதை நேராக 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் சொருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். உறுமியின் உயிரே அதற்குக் கீழேதான். தகரத்தைச் சுரண்டுவது போல் கேட்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டியிருக்கிறார்கள். உள்வாங்கும் தடை 1 மெகா ஓம் ஆனால் எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். டிஎல்072 பெருக்கிச் சிப் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, பாதி வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் இரண்டு, அங்கிருந்து இன்புட்டுக்கு 1 மெகா ஓம், பீசோவுக்கும் அதற்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட். பெருக்கத்தை 2 மடங்கில் தொடங்குங்கள். முன்பெருக்கி வாத்தியத்தின் மேலேயே, பீசோவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். வயர் நீண்டால் இரைச்சல் ஏறும்.

டீன்சிக்கு ஆடியோ பலகை போட்டால் 128 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வேலை நடக்கும், துண்டுக்கு 2.9 மி.செ. இதையும் குறைக்க வேண்டுமென்றால் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான பேலா பலகை இருக்கிறது. 1 மி.செ.க்கும் குறைவு, ஆனால் விலை அதிகம். உறுமிக்கு டீன்சியே போதும் என்பது என் கருத்து.

பதப்படுத்தும்போது கையை அடக்குங்கள். ஒலியின் பருமனை அளந்து, ஏற்றம் 5 மி.செ., இறக்கம் 80 மி.செ. என்று வைத்து, அந்த அளவால் ஃபில்டரைத் திறந்து மூடினாலே உறுமல் வாய் திறந்து பேசும். எதிரொலி, உடைப்பு (டிஸ்டார்ஷன்), ஸ்தாயி இறக்கம் என்று மூன்றையும் அடுக்கினால் குச்சியின் அழுத்தம் காதுக்கு வந்து சேராது. வாசிப்பவருக்கு வேலையே இல்லாமல் போகும்.

சாலிடர் தம்பி:
அண்ணே, இரண்டு தோலும் ஒரே மரத்தில்தானே இருக்கிறது. வலப்பக்கம் அடித்தால் இடப்பக்கப் பீசோவிலும் 'டொக்' என்று விழுகிறதே?

வலந்தலை:
விழும் தம்பி, முழுதாக நிறுத்த முடியாது. அடி விழுந்தது மிடி பக்கத்துக்கு முதலிலேயே தெரியும் இல்லையா, அந்த நொடியில் உரசல் பாதையின் ஒலியை 15 மி.செ. மட்டும் பாதியாகத் தாழ்த்துங்கள். முழுதாக வெட்டினால் ஓட்டை கேட்கும். எதிர்ப்பக்கமும் பிரச்சினை உண்டு: அழுத்தி உரசும்போது அடி சென்சர் தானாக நோட் அனுப்பும். உரசல் ஒலி ஏற ஏற அடியின் எல்லையும் ஏறும்படி எழுதிவிட்டால் அடங்கிவிடும்.

2002இல் டப்ளினில் நடந்த நைம் (புதிய இசைக் கருவி இடைமுகங்களுக்கான) மாநாட்டில் அஜய் கபூர் குழுவினர் காட்டிய மின் தபலாவில் அழுத்தத்தால் தடை மாறும் சென்சர்களை வைத்தார்கள். விரலால் வாசிக்கும் வாத்தியத்துக்கு அது பொருந்தும். குச்சி விழும் இடத்தில் வைத்தால் அந்த மெல்லிய படலம் நசுங்கி, அடியே இல்லாதபோதும் அளவு காட்டிக்கொண்டிருக்கும். உறுமிக்கு வேண்டாம்.

ஜென்செட்:
ஊர்வலத்துக்குச் சவுண்டு போடுகிறவன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். எல்லோரும் பலகையில் 2 மி.செ., 3 மி.செ. என்று பார்க்கிறீர்கள். 30 டிகிரி வெயிலில் ஒலி செகண்டுக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். ஒரு மீட்டருக்கு 2.9 மி.செ. ரத ஊர்வலத்தில் ஸ்பீக்கர் லாரி 10 மீட்டர் முன்னால் போனால் 29 மி.செ. தாமதம் காற்றிலேயே வந்துவிட்டது. கணினி இசை ஆய்வாளர்கள் வெஸ்ஸலும் ரைட்டும் 2001இல் இசைக் கருவிக்கு வைத்த தாமத வரம்பு 10 மி.செ., தாமதத்தின் ஏற்ற இறக்கம் 1 மி.செ. தோலின் சொந்தச் சத்தம் ஒரு பக்கம், லாரிச் சத்தம் ஒரு பக்கம் என்று கேட்டால் குழு முழுவதும் மெதுவாக இழுக்கும். சின்ன மானிட்டர் ஒன்றை வாசிப்பவரிடமிருந்து 1 மீட்டருக்குள் தள்ளிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் வயர் உள்ள இயர்போன். புளூடூத் வேண்டவே வேண்டாம்.

கரண்டு விஷயம்: பவர் பேங்கில் ஓட்டுவதுதான் நல்லது. ஜெனரேட்டரின் எர்த் சரியில்லாதபோது மிக்சரில் வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உங்கள் பலகைக்கு வராது. ஆனால் பல பவர் பேங்குகள் இழுக்கும் கரண்டு குறைவாக இருந்தால் தானாக அணைந்துவிடும். அட்மெகா 32யூ4 சிப் உள்ள சின்னப் பலகைக்கு இது கட்டாயம் நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் 106 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும், அணையாது. அது சூடாகும், பீசோ பக்கத்திலோ பிளாஸ்டிக்கை ஒட்டியோ வைக்காதீர்கள்.

உரசல் மைக்கை சப்வூஃபர் உள்ள சவுண்டுக்கு விடும்போது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் லாரி பக்கத்தில் வந்ததும் உறுமி தானாக ஊளையிடும்.

சீவாளி:
நாதஸ்வரத்துக்கு இதே யோசனையில் மூச்சழுத்தத்தை எடுக்கலாம். எம்பிஎக்ஸ்5010 காற்றழுத்தச் சென்சர் 10 கிலோ பாஸ்கல் வரை அளக்கும். அது 5 வோல்ட்டில் ஓடுவது, டீன்சிக்குப் போகுமுன் வோல்ட்டைக் குறைத்தாக வேண்டும். குழாயில் மூச்சின் ஈரம் சேர்ந்து சென்சரை அடைக்கும். அதனால் சென்சரை மேலேயும் குழாயைக் கீழ்நோக்கியும் வைத்து, நடுவில் சிறு பஞ்சுக் குப்பி ஒன்று மாட்டுங்கள். கமகத்துக்கு விரல் துளையைப் பாதி மூடுவதை அளக்க வேண்டும். எம்பிஆர்121 தொடு சென்சரின் ஆம்-இல்லை விடை இதற்கு உதவாது, அதன் உள் அளவீட்டை அப்படியே படிக்க வேண்டும். பிட்ச் பெண்டை (சுருதியை வழுக்க வைக்கும் மிடி கட்டளை) இரண்டு பக்கமும் 12 அரைச்சுரமாக விரித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 8192 படி இருப்பதால் ஒரு படி 0.15 சென்ட்தான் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு), வழுக்கலில் படிக்கட்டு கேட்காது. விரல் வியர்த்தால் அளவீடு நகரும், பாட்டுக்குப் பாட்டு மறுபடி அளவு எடுக்க ஒரு பட்டன் வேண்டும்.

வலந்தலை:
சீவாளி சொன்ன பட்டன் உறுமிக்கும் பொருந்தும். மாலையில் இறுக்கிய தோல் இரவு பனியில் தொய்ந்துவிடும், மாலையில் சரியாக இருந்த எல்லை இரவில் மெல்லிய அடியை விழுங்கும். எல்லையை லேப்டாப்பில் வைக்காமல், 10 கிலோ ஓம் குமிழ் ஒன்றை வாத்தியத்தின் கயிற்றுப் பக்கத்தில், குச்சி பிடித்த கையின் கட்டைவிரல் எட்டுகிற இடத்தில் வையுங்கள். தெரியாமல் பட்டுத் திரும்பாதபடி கொஞ்சம் இறுக்கமான குமிழாக வாங்குங்கள்.