அந்தியிலும் வைகறையிலும் கண்ட மெல்லிய பிறைகள்: மூவரின் அனுபவப் பகிர்வு

நிலவு சூரியனோடு ஒரே திசையில் சேரும் அமாவாசைக் கணம் கடந்து 22 மணி நேரமே ஆன பிறையை வெறுங்கண்ணால் ஐயமறக் கண்டிருக்கிறேன். அதே இடத்திலிருந்து, துடைத்து வைத்தாற்போன்ற வானத்தில், 30 மணி நேரப் பிறையைப் பைனாகுலரில் ஒருவாறு பிடித்தும் அது வெறுங்கண்ணுக்கு அகப்படவே இல்லை. பிறை பார்ப்பவர்கள் சந்தித்தால் "எத்தனை மணி நேரப் பிறை?" என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பிக் கிளம்புவதில் பெரிய பயன் இல்லை என்பதே நான் கண்டது.

நிலவு சூரியனைவிட்டு நாளொன்றுக்குச் சராசரியாக 12 பாகை விலகுகிறது. புவிக்கு மிக அருகில் இருக்கும் நாட்களில் அந்த விலகல் 14 பாகையை எட்டும். மிகத் தொலைவில் இருக்கும் நாட்களில் 11 பாகைக்கும் சற்றுக் குறையும். இதற்கு மேல், நிலவின் பாதை சூரியனின் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருப்பதால் பிறை அதற்கு வடக்கேயோ தெற்கேயோ ஒதுங்கி நிற்கும். சூரியப் பாதை தொடுவானத்தில் செங்குத்தாக இறங்கும் பருவத்தில் அந்த விலகல் முழுவதும் உயரமாகக் கிடைக்கும். படுத்துக் கிடக்கும் பருவத்தில் பிறை பக்கவாட்டில் விலகி நிற்குமே தவிர, உயரத்தில் நிற்காது. என்னை ஏமாற்றிய 30 மணி நேரப் பிறை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

வெறுங்கண் பார்வையில் 1871ஆம் ஆண்டு ஏதென்ஸில் யூலியுஸ் ஷ்மிட் கண்ட, 15 மணி நேரத்தைச் சற்றே தாண்டிய பிறைதான் நெடுங்காலம் பேசப்பட்டது. 1990 மே மாதத்தில் ஸ்டீபன் ஜேம்ஸ் ஓமியாரா கண்ட பிறையின் வயது 15 மணி 32 நிமிடம். சாதாரணப் பார்வையாளருக்கு இந்த எண்களைவிடப் பயன்படுவது 1930களில் வானியலாளர் ஆந்த்ரே தான்ஜோன் சுட்டிய எல்லை: சூரியனுக்கும் நிலவுக்கும் இடையே ஏறத்தாழ 7 பாகைக்குக் குறைவாக இருந்தால் கண்ணுக்குப் பிறையே இல்லை. அந்த எல்லையை நெருங்க நெருங்க, பிறையின் வளைவு அரைவட்டமாக இல்லாமல் இரு முனைகளிலும் தேய்ந்து குறுகிவிடுகிறது.

அந்த 22 மணி நேரப் பிறையை நான் பிடித்தது கணக்கால்தான். சூரியன் மறைந்த பின் நிலவு எத்தனை நிமிடம் தங்கும் என்று பார்த்து, அதில் ஒன்பதில் நான்கு பங்கு கழிந்த வேளையே மிகச் சிறந்தது என்கிற வானியலாளர் யாலப்பின் விதியைப் பின்பற்றினேன். அன்று தங்கல் 45 நிமிடம். எனவே சூரிய மறைவுக்கு 20 நிமிடம் கழித்து. தொடுவானத்தில் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு, அதற்கு மேலே இத்தனை பாகை என்று முன்பே அளந்து வைப்பது அவசியம். வெறும் வானத்தைப் பார்க்கும் கண் தன் குவியத்தை அருகே இழுத்துக்கொண்டுவிடும். அப்போது பிறை நேர் எதிரே இருந்தாலும் தெரியாது. ஆகவே தொலைவிலுள்ள அடையாளத்தை உற்றுப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது. முதலில் பைனாகுலரில் கண்டேன்; இடம் உறுதியானதும் கண்ணுக்கும் தெரிந்தது. படங்களில் வரும் வெண்பிறையை எதிர்பார்த்தவர் அதைத் தாண்டிச் சென்றிருப்பார். வானத்தின் நிறத்திலேயே, அதைவிடச் சற்றே வெளிறிய ஒரு நகக்கீற்று, அவ்வளவுதான். நிலவின் இருண்ட பகுதியில் புவியொளியும் (புவியில் பட்டுத் திரும்பி நிலவை மங்கலாகக் காட்டும் சூரிய ஒளி) இல்லை; அந்த அளவு வெளிச்சமான வானத்தில் அது தெரியவும் தெரியாது.

* * *

மேலே எழுதிய நண்பர் அந்தியை மட்டும் சொன்னார். நான் வைகறைக் கட்சி. அதிகாலையில் எழுந்திருக்க மனமில்லாத ஒரே காரணத்தால் தேய்பிறையின் கடைசிக் கீற்றைப் பலர் தவறவிடுகிறார்கள்.

அந்தியில் வானம் இருளும்போதே பிறை தாழ்ந்துகொண்டே போகிறது. வைகறையிலோ அது ஏறிக்கொண்டே வருகிறது. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு என்றால் இருண்ட வானத்தில் புவியொளியோடு முழு வட்டமாக எழும். ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால், வானம் வெளுத்த பிறகும் அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். கடைசி நாளில் இந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடும், ஏனெனில் பிறை எழும்போதே வானம் சிவந்திருக்கும். அப்போது உதிக்கும் புள்ளியைத் துல்லியமாக அறிந்து, அதற்கு நேர் மேலே காத்திருப்பது தவிர வேறு வழியில்லை. சூரிய ஒளிபட்ட விமானப் புகைக்கோட்டின் துணுக்கு ஒன்று அச்சு அசலாகப் பிறைபோலவே தோன்றும். சில நிமிடங்களில் அது கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். காலையில் ஆபத்தும் அதிகம். அந்தியில் சூரியன் மறைந்த பிறகே பைனாகுலரை எடுக்கிறோம். வைகறையில் சூரியன் எந்தக் கணமும் குழல்வழியே கண்ணைத் தாக்கலாம். உதய நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே நிறுத்திவிடுவது என் வழக்கம்.

எனக்குப் பிடித்த முயற்சி, தேய்பிறையின் கடைசிக் கீற்றையும் அடுத்த வளர்பிறையின் முதல் கீற்றையும் ஜோடியாகக் காண்பது. ஒரு வைகறைக்கும் அதற்கு மூன்றாம் நாள் அந்திக்கும் இடையே ஏறத்தாழ 60 மணி நேரம். அமாவாசைக் கணம் நடுவில் விழுந்தால் இரு பக்கமும் 30 மணி நேரப் பிறைகள் கிடைக்கும். இதை நான் கண்டிருக்கிறேன். ஒரு வைகறையையும் மறுநாள் அந்தியையும் சேர்த்து 36 மணி நேரத்தில் முடிப்பதென்றால், இருபுறமும் 18 மணி நேரப் பிறைகள் வேண்டும், இரண்டு வேளையும் வானம் தெளிவாக இருக்க வேண்டும். இதுவரை காலைப் பாதி மட்டுமே எனக்கு வாய்த்திருக்கிறது.

* * *

கருவி கொண்டு பார்ப்பவன் என்ற முறையில் சிறிது சேர்க்கிறேன். 2002 செப்டம்பர் 7 அன்று தெஹ்ரானில் மொஹ்சென் மிர்சயீத் பெரிய பைனாகுலர் ஒன்றில் 11 மணி 40 நிமிடப் பிறையைக் கண்டார். 2013 ஜூலை 8 அன்று தியெரி லெகோ அமாவாசைக் கணத்திலேயே, சூரியனிலிருந்து 4.4 பாகையில், பட்டப்பகலில் அகச்சிவப்பு ஒளியில் பிறையைப் படமெடுத்தார். நீல ஒளி சிதறுவதுபோல அகச்சிவப்பு சிதறுவதில்லை என்பதால் வானம் அதில் இருண்டு தெரியும். வியக்கத்தக்க வேலைதான், ஆயினும் அதைப் பிறை பார்த்தல் என்ற கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

தொலைநோக்கியில் நான் கண்ட மிக மெல்லிய பிறை தொடர்ந்த வளைவாக இல்லை. விளிம்பிலுள்ள மலைகளும் பள்ளங்களும் அதை ஆங்காங்கே அறுத்து, தனித்தனி ஒளித் துணுக்குகளாக்கியிருந்தன. முதல் நண்பரைப்போல உயரத்தை முன்பே அளந்து செல்பவர்கள், மென்பொருள் தரும் எண் புவி மையத்திலிருந்து கணித்ததா, நாம் நிற்கும் இடத்திலிருந்து கணித்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொடுவானத்தருகே இடமாறு தோற்றம் (பார்க்கும் இடம் மாறுவதால் நிலவும் இடம் மாறித் தெரிவது) நிலவை ஏறத்தாழ 1 பாகை தாழ்த்திவிடும். வளிமண்டல ஒளிவிலகல் திரும்பத் தூக்கித் தருவது அதிகபட்சம் அரைப் பாகைதான்.