ஆமோஸ் கிடாயின் 'எஸ்தர்' (1986): தமிழ் சப்டைட்டிலுக்கு ஹீப்ரு தெரிந்தவர்கள் தேவை

நண்பர்களே, வேதாகமத்தின் எஸ்தர் கதையை இஸ்ரேலிய இயக்குநர் கிடாய் ஹைஃபா நகரின் வாதி சலீப் பகுதி இடிபாடுகளில் எடுத்த இந்தப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு இடங்களில் கை வேண்டும்.

முதலாவது மொழி. வேதாகம ஹீப்ருவுக்குப் பழைய தமிழ் வேதாகம நடை இயல்பாகப் பொருந்துகிறது. எஸ்தர் புத்தகம் 9:16-இல் வரும் 75,000 பேரின் சாவை மென்மையாக்காமல் அப்படியே வைக்கிறோம். படத்தின் கனமே அங்கேதான். ஆனால் முடிவில் நடிகர்கள் வேடம் கலைந்து, நடந்தபடியே சொந்தக் கதை பேசுகிறார்கள். அது பேச்சுமொழி. அங்கே ஏட்டுத்தமிழ் வந்தால் காட்சியே செத்துவிடும். அந்தப் பகுதியைக் காதால் கேட்டுச் சரிபார்க்க ஒருவர் வேண்டும். பெயர்களில், எஸ்தரின் உறவினரை 'மொர்தெகாய்' என்று எழுதுவதா, 'மொர்தக்காய்' என்று எழுதுவதா என்பதையும் சொல்லுங்கள்.

இரண்டாவது நேரக்குறி. வினாடிக்கு 24 பிரேம் ஓடும் படம் 25 பிரேம் பிரதியானால் சப்டைட்டில் மணிக்கு 2.4 நிமிடம் விலகும். நேரங்களை 0.96-ஆல் பெருக்கினால் சரியாகும். வெறுமனே தள்ளிவைத்தால் தொடக்கம் மட்டுமே பொருந்தும். கோப்பு யுடிஎஃப்-8 (UTF-8) எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஆன்றி அலெக்கானின் ஒளிப்பதிவில் காட்சிகள் நீளமானவை, ஓவியம்போல் அசையாதவை. அதனால் ஒரு வரிக்கு மேல் போடாமல் இருக்கப் பார்க்கிறோம். முடிந்தவர்கள் கருத்தில் எழுதுங்கள்.