பூக்கடை வரிசையை ஒட்டி மால்: ஆட்சேபம் எப்படி எழுதுவது?

பூக்காரம்மா மகள், அல்சூர், பெங்களூரு:
எங்கள் பூக்கடை வரிசையை ஒட்டி மால் கட்டும் திட்டம் மாநகராட்சி பரிசீலனையில் இருக்கிறது. வரைபடம் பார்த்தேன். அம்மா ஈரச்சாக்கு விரித்து மல்லிகை முழம் போடும் இடத்தில் கார் நுழைவாயில்! மனசே ஆறவில்லை. என்ன செய்யலாம்?

பக்கத்துத் தெரு வக்கீல்:
அக்கா, 2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வியாபாரிகளைக் கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் எழுப்பக் கூடாது. 50 ஆண்டுக்கு மேல் நடக்கும் சந்தை என்றால் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது. அதற்குச் சான்றாக, சந்தைச் சுங்கம் கட்டிய பழைய சீட்டு இருக்கிறதா?

பூக்காரம்மா மகள்:
பாட்டி காலத்துச் சீட்டு தகரப்பெட்டியில் இருக்கிறது அண்ணா!

காய்கறிக் கடைக்காரர்:
சரி, அதை மாநகராட்சிக்குத் தரும் ஆட்சேப மனுவோடு இணையுங்கள். அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள்தான். அந்தக் குழுவுக்கும் மனு கொடுங்கள். மனு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.