எந்த சவுண்டுக்கு எந்த டிரம் ஹெட் (டிரம்ல மாட்டுற பிளாஸ்டிக் தோல்)? அடிச்சுப் பாத்தவங்க சொல்லுங்க

அயனாவரம்பீட்:
அளவு இஞ்ச்ல: 14 ஸ்நேர் (அடில கம்பி இருக்கிற டிரம்), 10-12-16 டாம், 22 கிக் (காலால அடிக்கிற பெரிய டிரம்). பாதி வேலை சர்ச்சுல, பாதி மெல்லிசை மேடைல. ஒரே செட் ஹெட்டுல ரெண்டும் தாங்குமா?

ரிம்ஷாட்:
தாங்கும். டாமுக்கு ரெண்டு லேயர் கோட்டட் (மேல சொரசொரப்பான பூச்சு), ஸ்நேருக்கு ஒத்தை லேயர் கோட்டட்.

ஒத்தை லேயர்னா பொதுவா 10 மில், அதாவது கால் மில்லிமீட்டர் தடிமன். ரெமோ அம்பாசடர், எவான்ஸ் ஜி1 எல்லாம் இந்த வகை. லேசா தட்டினாலே பேசும், நீளமா ரிங் ஆகும். ஆனா மேடைல ஒவ்வொரு டாமுக்கும் மைக் வெச்சா அந்த ரிங் பக்கத்து மைக்குல எல்லாம் ஏறி, சவுண்ட் இன்ஜினியர் ஹெட்டுல ஒட்ட டேப் எடுத்துட்டு வந்துடுவார். ரெண்டு லேயர்னா எம்பரர், ஜி2. ரெண்டுலயும் 7 மில் ஷீட் ரெண்டு. சத்தம் குட்டையா, கனமா விழும். பலமா அடிச்சாலும் சீக்கிரம் குழி விழாது. பின்ஸ்ட்ரைப்ங்கிற ஹெட்டுல ரெண்டு ஷீட்டும் ஓரத்துல ஒட்டியிருக்கும், அதனால இன்னும் அடங்கும். ஹைட்ராலிக் ஹெட்டுல ஷீட்டுக்கு நடுவுல எண்ணெய், 'தொப்'புனு நின்னுடும். மைக் இல்லாத ஹால்ல அதைப் போட்டா பின் பெஞ்சுக்குக் கேக்காது.

ஸ்நேருக்கு கோட்டட் ஏன்னா, பிரஷ் உரச அந்த சொரசொரப்பு வேணும். கிளியர்ல பிரஷ் வழுக்கும்.

அடிஹெட்:
மேல் ஹெட்டுக்குக் காசு கொட்டுறதுக்கு முன்னாடி டிரம் கிட்டைக் கவுத்துப் பாருங்க சார். வாடகை கிட்லயும் சர்ச் கிட்லயும் கம்பெனில போட்ட அடி ஹெட் அப்படியே கிடக்கும். புது எம்பரர் போட்டும் டாம் அட்டைப்பெட்டி மாதிரி கேக்குதுன்னா காரணம் பெரும்பாலும் அதுதான். மேலயும் கீழயும் ஒரே சுருதின்னா ரிங் நீளும்; அடி ஹெட்டைக் கொஞ்சம் ஏத்தினா சுருக்கமா முடியும்.

ஸ்நேர் அடி ஹெட் தனி ரகம், 3 மில்தான். விரலால அழுத்தாதீங்க, ஸ்நேர் கம்பி முனை குத்தாமப் பாத்துக்கங்க. அவசரத்துக்கு டாம் ஹெட்டை அங்க மாட்டினா கம்பி சரியாப் பேசாது.

தாம்பரம்_லக்:
ஹெட்டைக் கழட்டினதும் ஷெல் (டிரம்மோட உடம்பு) விளிம்பைக் காய்ஞ்ச துணியால துடைங்க. சமையல்கட்டு கிரானைட் மேடைல ஷெல்லைக் கவுத்து, உள்ள டார்ச் போட்டு, விளக்கை அணைச்சுப் பாருங்க. விளிம்புக்கு அடில வெளிச்சம் கசிஞ்சா அங்க ஹெட் ஒழுங்கா உக்காராது. எத்தனை விலை ஹெட் போட்டாலும் அந்த லக்குக்கிட்ட (ஷெல்லுல திருகு மாட்டுற பிடி) சுருதி சேராது.

மாட்டும்போது எல்லா ராடையும் (ஹெட்டை இறுக்குற திருகு) முதல்ல விரலாலயே திருகுங்க. அப்புறம் கீ போட்டு எதிரெதிர் லக்கா அரைச் சுத்து, பிறகு கால் சுத்து. ஒரு பக்கமா வரிசையாத் திருகினா ஹெட் கோணிக்கும். சுருக்கம் போனதும் நடுவுல உள்ளங்கையால அழுத்துங்க. 'கிரீச்'னு சத்தம் வரும், பயப்படாதீங்க, வளையத்துல இருக்கிற பசைதான். திரும்ப சுருதி பாத்து, ஒவ்வொரு லக்குக்கும் ரெண்டு மூணு சென்டிமீட்டர் உள்ள தட்டி எல்லாம் ஒரே ஸ்வரமா வர்ற வரைக்கும் சரி பண்ணுங்க. கச்சேரி அன்னிக்கே மாட்டாதீங்க. புது ஹெட்டோட சுருதி இறங்கும்.

குத்துவாத்தி:
மெல்லிசை மேடைன்னா குத்துப் பாட்டு இல்லாம முடியுமா? அந்த சட்டி சத்தம் ரெண்டு லேயர்ல வராதுப்பா. 10 டாம்ல மட்டும் ஒத்தை லேயர் கிளியர் போட்டு, நல்லா ஏத்தி வெச்சு, ரிம்மோட (ஹெட்டைப் பிடிக்கிற ஓர வளையம்) சேத்து அடிங்க. 16 ஃப்ளோர் டாமைச் சுருக்கம் போற அளவுக்கு மட்டும் இறுக்கினா அடி கனமா விழும். மீதி டாம்களுக்கு ரிம்ஷாட் சொன்னதே போதும்.

மெரினாகிக்:
கிக்குக்கு பவர்ஸ்ட்ரோக் 3 அல்லது ஈமேட் ஹெட் போடுங்க. ரெண்டும் ஓரத்து ரிங்கைத் தானே அடக்கும், தலையணை திணிக்கிற வேலை குறையும். முன் ஹெட்டுல 5 இஞ்ச் ஓட்டை, நடுவுல இல்லாம ஓரமா. பீட்டர் (பெடல்ல இருக்கிற அடிக்கட்டை) படுற இடத்துல பேட்ச் ஒட்டிடுங்க.

ரெமோ பெல்லி 1957-ல பாலியெஸ்டர் ஹெட் கம்பெனி ஆரம்பிச்சதால நமக்குப் பிழைப்பு. மேடைல தபேலாக்காரர் மழைக்காலத்துல படுற பாடு நமக்கில்ல. ஆனா மதிய வெயில்ல கிட்டை வெச்சா சுருதி இறங்கும், சாயங்காலம் திரும்ப வேற மாதிரி ஆகும். மேடை ஏறினப்புறமே சுருதி பாருங்க. பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் வாசிக்கிறவங்க ஹெட் மாத்தும்போதே ராடுக்குக் கொஞ்சம் வாஸ்லின் தடவிடுங்க. உப்புக்காத்துல ராடு இறுகிட்டா அடுத்த தடவை கழட்ட முடியாது.

அயனாவரம்பீட்:
நன்றிண்ணா. சர்ச் கிட் பழைய பிரிட்டிஷ் பிரீமியர். அளவு சாதாரணமா வாங்கலாமா?

அடிஹெட்:
வேணாம், முதல்ல அளங்க. பழைய பிரீமியர் டாம் சிலது இப்போதைய அளவை விடக் கொஞ்சம் பெருசு, 12-ன்னு எழுதின ஹெட் உள்ள இறங்காது. ரிம்மை எடுத்துட்டு, ஷெல்லோட வெளி விட்டத்தை ரெண்டு திசைல அளந்து மில்லிமீட்டர்ல இங்க போடுங்க.