கனடாவில் பி.ஆருக்கு (நிரந்தர வதிவிடத்துக்கு) போட்டிருக்கும் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்கு வரலாமா?

தலவாக்கலை அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி கனடாவில் அல்பேர்ட்டா பக்கம் ஒரு ஹோட்டலில் குக்காக இருக்கிறான். அங்கே வேலை செய்த அனுபவத்தை வைத்து எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற திறமைத் தொழிலாளர் வழியில் பி.ஆருக்குப் போட்டு, விண்ணப்பம் கிடைத்தது என்று கடிதமும் வந்துவிட்டது. இங்கே ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். பெண் பூண்டுலோயா. அம்மா காலமெல்லாம் கொழுந்து எடுத்துச் சேர்த்த ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் தாலிக்கொடி வரைக்கும் எடுத்தாயிற்று.

இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விண்ணப்ப பைல் நடக்கும்போது நாட்டை விட்டு வெளியே வந்தால் எல்லாம் கேன்சல் என்கிறார்கள். ஒரு ஏஜென்சிக்காரர், "வந்து தாலி கட்டிவிட்டுப் போகட்டும், ரெஜிஸ்டர் மட்டும் பண்ண வேண்டாம். பி.ஆர். வரும்வரை கல்யாணத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள், அப்புறம் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்கிறார். தம்பிக்கு வேர்க் பெர்மிட்டை அங்கேயே புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள், அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாதான் முடிந்துவிட்டது. பெர்மிட் இருந்தால் போதும்தானே? மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியாக்காரன்:

வரவே வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா. என் மச்சான் அமெரிக்காவில் கிரீன் கார்ட்டுக்குப் போட்டிருந்தபோது, அட்வான்ஸ் பரோல் என்று ஓர் அனுமதி கைக்கு வராமல் வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். மனுஷன் தாத்தா சாவுக்குக்கூட வரவில்லை.

கொட்டகலைப் பிள்ளை:

அக்கா, அண்ணன் சொல்வது அமெரிக்க விதி. அங்கேயும் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அது அப்படியே பொருந்தாது. கனடாவில் உங்கள் தம்பி போட்டிருக்கும் வழியில், வெளியே போனான் என்பதற்காக யாரும் விண்ணப்பத்தை மூடமாட்டார்கள். திரும்ப உள்ளே போக முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெர்மிட் வேலை செய்வதற்கான அனுமதி மட்டும்தான். இலங்கைப் பாஸ்போர்ட்டில் கனடாவுக்குள் நுழைய, திகதி முடியாத விசாவும் வேண்டும். நான் டொரொண்டோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், இப்போது லீவில் ஊரில் இருக்கிறேன். என் பைல் நடந்த காலத்தில் அப்பாவின் காரியத்துக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது, கட்டுநாயக்கா கவுண்டரில் இருந்த பெண் நான் நீட்டிய பெர்மிட் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஸ்டிக்கர் இருந்த பக்கம் வந்ததும் முடிவுத் திகதியின் மேல் விரலை வைத்து வாசித்தார். அதற்குப் பிறகுதான் பெட்டி பெல்ட்டில் ஏறியது. தம்பி இன்றைய நிலையில் வந்தால் அந்தக் கவுண்டரைத் தாண்டமாட்டான்.

அதனால் கிளம்புவதற்கு முன் கனடாவில் இருந்தபடியே ஒன்லைனில் புது விசாவுக்குப் போடச் சொல்லுங்கள். கட்டணம் 100 டொலர். இங்கே வந்து போட்டால் கொழும்பில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், லீவு முடிந்துவிடும், முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? பழைய பெர்மிட் முடிந்து, புதுப்பிப்பு இன்னும் முடிவாகாத நிலையில் வெளியேறுகிறவர்களுக்கு இன்னொரு இடி உண்டு. திரும்பிப் போனாலும் முடிவு வரும்வரை வேலை செய்ய முடியாது. நல்ல வேளை, தம்பிக்கு அது இல்லை.

அவன் இங்கே நிற்கும்போது பி.ஆர். முடிவு வந்தால் பதற வேண்டாம். ஆனால் ஒன்லைன் போர்ட்டலில் கடைசிக் கட்டத்தை கனடாவுக்குள் இருந்துதான் முடிக்கலாம். இங்கே இருந்துகொண்டு அங்கே இருப்பதாகச் சொல்லிவிடக் கூடாது. பி.ஆர். ஆனதும் கார்ட் வருமுன் ஓடி வருவதும் சரியில்லை, கார்டை கனடா முகவரிக்கு மட்டும்தான் அனுப்புவார்கள்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். அந்த ஏஜென்சிக்காரர் சொன்னதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பி.ஆர். ஆகும் நாளில் மனைவி இருந்தும் அவளைச் சொல்லாமல் விட்டால், பிறகு அவளை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடும் வழியையே கனடாவின் குடிவரவு விதி 117(9)(டி) அடைத்துவிடும். பொய் சொன்னதாக முடிவெடுத்தால் 5 வருஷத் தடை, தம்பியின் பி.ஆருக்கே ஆபத்து. ஊரே சாப்பிட்டு, படம் எடுத்து, பேஸ்புக்கில் போட்ட கல்யாணத்தை ரெஜிஸ்டர் இல்லை என்று எப்படி மறைப்பீர்கள்? யாரோ சொன்ன குறுக்கு வழிக்காக அந்தப் பிள்ளை பூண்டுலோயாவில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

ஆவணியிலேயே கல்யாணம் என்றால், உடனே குடிவரவுத் துறைக்கு அறிவித்து அவளையும் பைலில் சேர்க்க வேண்டும். அவளுக்கு மெடிக்கல், பொலிஸ் ரிப்போர்ட் எல்லாம் வரும், பைல் இழுபடும். இல்லையென்றால் பி.ஆரும் கார்டும் வந்த பிறகு கல்யாணம், அதன்பின் ஸ்பொன்சர். அப்போது தம்பி கனடாவிலேயே வசிக்க வேண்டும். என் மனதுக்கு இரண்டாவதுதான் சரி.

அட்டன் மொழிபெயர்ப்பு:

நான் அட்டன் டவுனில் சான்றிதழ் மொழிபெயர்ப்பு செய்து கொடுக்கிறேன். எந்த வழியில் போனாலும் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பெண்ணின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் கடதாசிகளில் அப்பா பெயர் செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பேரேட்டில்) ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி இருப்பதை வாரம் தவறாமல் பார்க்கிறேன். சின்ன எழுத்து வித்தியாசம் என்றால் சத்தியக் கடதாசி போதலாம், பெயரே வேறு என்றால் பதிவாளரிடம் போய்த் திருத்த வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். பிறகு கல்யாணப் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

தலவாக்கலை அக்கா:

தங்கச்சி, தம்பியிடமும் பெண் வீட்டிலும் பேசிவிட்டேன். பெண்ணின் அப்பா கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு மகளுடைய நன்மைக்குத்தான் என்று விளங்கிக்கொண்டார். ஆவணியில் நிச்சயம் மட்டும் செய்தால் அதையும் சொல்ல வேண்டுமா? தம்பி அதற்கு வரலாமா?

கொட்டகலைப் பிள்ளை:

நிச்சயம் கல்யாணம் ஆகாது அக்கா, தம்பி திருமணமாகாதவன்தான். ஆனால் தாம்பூலம் மாற்றுவதோடு நிறுத்துங்கள், அன்றைக்கே தாலியும் கட்டிவிடலாம் என்று பெரியவர்கள் யாராவது தொடங்கினால் விடாதீர்கள். புது விசா ஒட்டி வந்துவிட்டால் அவன் தாராளமாக வரட்டும். வந்த டிக்கெட், இருவரும் சேர்ந்து நிற்கும் படங்கள், போனில் பேசிய பதிவுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நாளைக்கு ஸ்பொன்சர் பண்ணும்போது உறவு உண்மையானது என்று காட்ட அவற்றைத்தான் கேட்பார்கள்.