ஒவாஹு தீவில் நினைவு நாள் நிகழ்ச்சிகளுக்குச் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி

வணக்கம். கணவரின் பணி காரணமாக நாங்கள் அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் உள்ள ஒவாஹு தீவுக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை வரும் நினைவு நாளை ஒட்டி, படைவீரர்களின் கல்லறைகளில் வைப்பதற்காக வீட்டுக்கு ஒரு லேய் மாலை கோத்துத் தரும்படி மகளின் வகுப்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து, "யாருக்கு அம்மா இந்த மாலை? அவர்கள் எல்லாரும் எப்படி இறந்துபோனார்கள்?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சென்ற ஆண்டு என் தந்தை ஊரில் காலமானார். விசா சிக்கலால் என்னால் போக முடியவில்லை. "தாத்தா சாமிகிட்டப் போய்விட்டார்" என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டேன். சாவைப் பற்றி அவளிடம் நான் பேசியது அவ்வளவுதான். இப்போது அவள் கேட்பதற்கும் அதே போல் மழுப்பலாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பஞ்ச்பௌல் கல்லறைத் தோட்டத்தில் காலையில் நடக்கும் அஞ்சலி, பேர்ல் துறைமுகம், மாலையில் அலா மொவானா கடற்கரையில் விளக்கு மிதக்க விடுதல் ஆகிய மூன்றைப் பற்றியும் கேள்விப்படுகிறேன். இவற்றில் எதற்குச் சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்? நாங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் அல்லர், படையில் உறவினர் யாரும் இல்லை; அப்படிப்பட்டவர்கள் போவது முறையாக இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (ஹொனலுலுவில் பதினான்கு ஆண்டுகளாக வசிப்பவர்)

சகோதரிக்கு வணக்கம். தங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். நிகழ்ச்சிகள் பொதுமக்கள் அனைவருக்கும் உரியவை. நீங்கள் யார், எந்த நாட்டவர் என்று அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இது மறைந்தவர்களுக்கான நாள். நவம்பர் 11-இல் வரும் முன்னாள் படைவீரர் நாள் வேறு. ஆகவே யாரையும் பார்த்து வாழ்த்துச் சொல்ல வேண்டாம் என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் அந்த மாலைதான் என்பது என் உறுதியான எண்ணம். கையில் எதுவும் இல்லாமல் வரும் குழந்தைக்கு அஞ்சலிக் கூட்டம் என்பது பெரியவர்களின் நீண்ட பேச்சு மட்டுமே. தானே கோத்த மாலை எங்கோ ஒரு கல்லின்மேல் கிடக்கிறது என்று தெரிந்தால் அதே குழந்தை கண்ணை விரித்துத் தேடும். நம் ஊரில் ஈழத்தலரி என்று சொல்கிறோமே, அந்தப் பூ இந்த மாதத்தில் தீவு முழுவதும் பூத்துக் கிடக்கும். மல்லிகையைப் போல விரலில் நூலைச் சுற்றித் தொடுப்பதற்கு இது வராது. நீண்ட ஊசியைப் பூவின் நடுவில் இறக்கிக் காம்பு வழியாக வெளியே எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்க வேண்டும். பறித்ததும் காம்பில் வடியும் பால் தோலில் அரிப்பை உண்டாக்கலாம் என்பதால், பூக்களைச் சற்று நேரம் நீரில் போட்டு எடுத்துப் பிறகு குழந்தையிடம் கொடுங்கள். இரண்டடி அளவுக்குக் கோத்து இரு முனைகளையும் சேர்த்து முடிந்தால் போதும். பூ கிடைக்காவிட்டால், இங்கே கீ என்று அழைக்கும் நீண்ட பச்சை இலையை முறுக்கிச் செய்த மாலையும் ஏற்கத்தக்கதே. பள்ளி வழியாகக் கொடுக்காதவர்களுக்கு, மாலைகளை எங்கே எப்போது ஒப்படைப்பது என்பதை நகரப் பூங்காத் துறை ஆண்டுதோறும் அறிவிக்கும். சாரணர்களும் தன்னார்வலர்களும் முந்தைய வார இறுதியில் கல்லறை தோறும் சிறு கொடியையும் மாலையையும் வைக்கிறார்கள். அந்த வேலைக்குக் குடும்பமாகவே வருபவர்களும் உண்டு.

பஞ்ச்பௌல் என்பது பழைய எரிமலை வாய். புவோவாயினா என்பது அதன் ஹவாய்ப் பெயர். பலியின் குன்று என்று அதற்குப் பொருள் சொல்வது வழக்கம். 1949-இல் இது தேசியக் கல்லறைத் தோட்டமாகத் திறக்கப்பட்டது. கற்கள் எழுந்து நிற்பதில்லை. புல்லோடு புல்லாகத் தரைமட்டத்தில் பதிந்திருக்கும். ஓடும் குழந்தைக்கு அது வெறும் புல்வெளியாகத்தான் தெரியும். என் மகன் நான்கு வயதில் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றுவிட்டான். நான் பதறி இழுத்தபோது, பக்கத்துக் கல்லருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "நிற்கட்டும், என் அண்ணனுக்குக் குழந்தைகள் என்றால் பிடிக்கும்" என்றார். ஆனால் எல்லாரும் அப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது. உள்ளே நுழைந்ததும் கற்களைக் காட்டி, வரிசைகளுக்கு இடையே நடக்கச் சொல்லிக்கொடுங்கள்.

மகளுக்குக் காட்டுவதற்கு அங்கே நிறைய இருக்கிறது. 1986-இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த ஹவாய் மண்ணின் விண்வெளி வீரர் எலிசன் ஒனிசுகாவின் கல்லறை அங்கேதான் உள்ளது. இத்தாலியப் போர்முனையில் வலக்கையை இழந்து, பின்னாளில் செனட்டராக நீண்டகாலம் பணியாற்றிய டேனியல் இனோயேயும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பெரிய படிக்கட்டின் இருபுறமும், உடல் கிடைக்காத 28,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைப் பளிங்குச் சுவர்களில் செதுக்கியிருக்கிறார்கள். பின்னாளில் உடல் கண்டெடுக்கப்பட்டவரின் பெயருக்கு அருகே சிறு பூ வடிவக் குறி ஒன்றைப் பதித்திருப்பார்கள். அந்தப் பூக்களைத் தேடச் சொல்லுங்கள். பேச்சு தானாகவே தொடங்கும்.

நகர மேயரின் அஞ்சலிக் கூட்டம் திங்கட்கிழமை காலையில் நடக்கும். நிழல் குறைவு, வெயில் சுள்ளென்று அடிக்கும், திடீரென்று தூறலும் போடும். தொப்பி, தண்ணீர், கடைசி வரிசையின் ஓரத்தில் இடம் ஆகிய மூன்றும் இருந்தால் மூன்று வயதுக் குழந்தையோடும் சமாளித்துவிடலாம்.

மறுமொழி 2 (யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒரு தாய்)

மேலே ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஒன்றை மட்டும் நான் கட்டாயம் சேர்க்க வேண்டும். இந்த அஞ்சலியில் துப்பாக்கி வேட்டு உண்டு. ஏழு பேர் மூன்று முறை சேர்ந்து சுடுவார்கள். பல ஆண்டுகளில் கூட்டத்துக்கு மேலே போர் விமானங்களும் பறந்து போகும். எரிமலை வாயின் கிண்ணம் போன்ற பள்ளத்துக்குள் அந்த இரைச்சல் எப்படி இருக்கும் என்பதை முன்பு கேட்டிராதவர்களால் ஊகிக்க முடியாது.

முதல் ஆண்டு இதை அறியாமல்தான் என் பிள்ளைகளோடு போனேன். விமானம் தலைக்கு மேலே வந்ததும், சிறுவயதில் கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும்போது செய்ததைப் போலவே, இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தரையில் குந்திவிட்டேன். என் உடல்தான் அதைச் செய்தது. எனக்குச் சுயநினைவு வந்தபோது என் கை மகளின் தலையைப் புல்லோடு அமுக்கிப் பிடித்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் எதுவும் கேட்காமல் தன் தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினார்.

அன்றிரவு மகள் என்னிடம், "அம்மா, நீங்கள் ஏன் பயந்தீர்கள்?" என்று கேட்டாள். அதுவரை நான் அவளிடம் சொல்லாமல் வைத்திருந்த பதுங்குகுழியைப் பற்றியும், பள்ளிக்குப் போய்த் திரும்பி வராத என் வகுப்புத் தோழியைப் பற்றியும் அன்றுதான் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவ்வளவும் தாங்குமா என்று முதலில் தயங்கினேன். அவள் அழவில்லை. "உங்கள் தோழிக்கு யார் மாலை போடுவார்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

சகோதரி, உங்கள் மகள் எப்படி இறந்தார்கள் என்று கேட்கிறாள் என்றால் அவள் பதிலுக்குத் தயாராக இருக்கிறாள் என்றே நான் நினைக்கிறேன். "சண்டை வந்தது, அவர்களை அனுப்பினார்கள், அவர்களில் பலர் மிகவும் இளையவர்கள், திரும்பி வரவில்லை, வீட்டில் அவர்களுக்காகக் காத்திருந்தார்கள்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். போர் நல்லது என்றும் சொல்ல வேண்டாம், இறந்தவர்களைக் குறைத்தும் சொல்ல வேண்டாம். நம் முன்னோர் போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டு, அவன் பெயரைப் பொறித்து, மாலை சூட்டினார்கள். அதைத்தான் இவர்களும் செய்கிறார்கள் என்று சொன்னால் அவளுக்கு எளிதில் புரியும்.

வேட்டுக்கு முன்பாகவே குழந்தைகளிடம், "இப்போது சத்தம் வரும், ஒருவருக்கும் காயம் படாது" என்று சொல்லிக் காதைப் பொத்திக்கொள்ளச் செய்யுங்கள். மகனுக்குக் காதுறை வாங்கிக்கொண்டால் நல்லது. அதன்பின் எக்காளத்தில் ஒரு சிறு இசை வரும், மொத்தம் 24 சுரங்கள்தான். அந்த நேரத்தில் குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு ஒதுங்கிப் போவதில் தவறே இல்லை.

மறுமொழி 3

பேர்ல் துறைமுகத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சொல்கிறேன். மூன்று வயதுக் குழந்தையோடு நினைவு நாளன்று அங்கே போக வேண்டாம். மூழ்கிய அரிசோனா போர்க்கப்பலின் மேல் அமைந்த நினைவிடத்துக்குச் செல்லும் படகில் இடம் பிடிக்க இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கட்டணம் ஒரு டாலர்தான் என்றாலும் விடுமுறை நாட்களுக்கு இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். பைகளை உள்ளே கொண்டுபோக முடியாது. குழந்தையின் அணையாடைப் பைக்கும் இதே விதிதான். மாற்றுடையையும் பாலையும் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

ஆனால் மகளை மட்டும் வேறொரு வார நாளில் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். 1941 டிசம்பர் 7-ஆம் நாள் ஜப்பான் தாக்கியபோது அந்த ஒரு கப்பலில் மட்டும் 1,177 பேர் இறந்தார்கள். பலரின் உடல்கள் இன்னும் அதற்குள்ளேயே இருக்கின்றன. கப்பலிலிருந்து எண்ணெய் இன்றும் துளித்துளியாகக் கசிந்து மேலே வருகிறது. என் எட்டு வயது மகன் சுவரில் இருந்த பெயர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டான். நீரின்மேல் ஒரு துளி வந்து வட்டமாக விரிந்து, வானவில் நிறத்தில் நெளிந்து மறைவதைத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். "இது எப்போது தீரும் அப்பா?" என்று கேட்டான். அந்த நினைவிடம் 1962-இல் திறந்துவைக்கப்பட்டதும் ஒரு நினைவு நாளில்தான்.

இன்னொரு செய்தியும் சொல்லத் தக்கது. ஓக்லஹோமா என்ற கப்பலில் அன்று இறந்த 429 பேரில் பெரும்பாலோர் அடையாளம் தெரியாமல் பஞ்ச்பௌலில் புதைக்கப்பட்டிருந்தார்கள். 2015-இல் அந்தக் கல்லறைகளைத் திறந்து, மரபணுச் சோதனை வழியாக அவர்களுள் மிகப் பலரின் பெயரைக் கண்டுபிடித்துக் குடும்பங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். "யாரென்றே தெரியாதவர்களை ஏன் நினைக்க வேண்டும்?" என்று மகள் கேட்டால் இதைச் சொல்லலாம்.

மறுமொழி 1-ஐ எழுதியவர் மீண்டும்

விளக்கு நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். தங்கள் குடும்பத்துக்கு அதுதான் மிகப் பொருத்தமானது. ஷின்யோ-என் என்ற பௌத்த அமைப்பு 1999 முதல் நடத்தி வருகிறது. படைவீரர்களுக்கு மட்டுமான நிகழ்ச்சி அன்று. மறைந்த யாருக்காகவும் விளக்கு விடலாம். குடும்பத்துக்கு ஒரு விளக்கு இலவசமாகக் கிடைக்கும், அதன் தாளில் பெயரையோ செய்தியையோ தமிழிலேயே எழுதலாம். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட அதே தீவில், ஜப்பானிய மரபில் வந்த விளக்கை எல்லா இனத்தவரும் சேர்ந்து கடலில் விடுகிறார்கள் என்பது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் நெஞ்சை நிறைக்கும் காட்சி. மே மாத இறுதியில் சூரியன் ஏழு மணியை ஒட்டி மறையும், அதன்பின் சட்டென்று இருட்டிவிடும். வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. பேருந்தில் போங்கள், பிற்பகலிலேயே போய்விடுங்கள். காலை நிகழ்ச்சியையும் மாலை நிகழ்ச்சியையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் மகன் தாங்கமாட்டான்.

கேள்வி கேட்டவர், நிகழ்ச்சிக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே பஞ்ச்பௌலுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில், கூட்டம் இல்லாத வேளையில் போய்வந்தோம். வேட்டுச் சத்தம் மகனுக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். மகள் கோத்த மாலையில் ஓரிடத்தில் பூக்கள் கிழிந்து நூல் தெரியும். அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கிடைக்கவில்லை. "எல்லாமே என் மாலை மாதிரிதான் இருக்கிறது" என்று சொல்லி, 'அறியப்படாதவர்' என்று மட்டும் பொறித்திருந்த ஒரு கல்லருகே குந்திக்கொண்டாள். சண்டையைப் பற்றி அங்கேதான் சொன்னேன். யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய சொற்களையே ஏறக்குறைய அப்படியே சொன்னேன்.

திங்கட்கிழமை கடற்கரையில் விளக்குத் தாளில் என் தந்தையின் பெயரை நான் எழுத, அதன் கீழே மகள், "தாத்தா, எனக்குப் பல் விழுந்துவிட்டது" என்று எழுதினாள். நிகழ்ச்சியின் தொடக்கத்தில் சங்கு ஊதினார்கள். நம் ஊரில் இறப்பு வீட்டில் ஊதும் அதே ஒலி. தந்தையின் இறுதிச் சடங்கில் நான் கேட்காமல் போன ஒலி அது. அங்கேயே நின்று அழுதேன். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், எதுவும் கேட்கவில்லை.

மகன் விளக்குகள் ஏற்றும் முன்பே தோளில் தூங்கிவிட்டான். முழங்கால் அளவு நீரில் இறங்கி மகள் விளக்கை விட்டாள். அலை அதை இருமுறை அவளிடமே திருப்பிக் கொண்டுவந்தது, மூன்றாம் முறை போயிற்று. "விளக்கெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டாள். தன்னார்வலர்கள் படகில் சென்று ஒவ்வொன்றாகச் சேகரித்து, அடுத்த ஆண்டுக்குப் பத்திரப்படுத்துவார்கள் என்று சொன்னேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று நின்றுவிட்டாள். கடைசிப் பேருந்தைப் பற்றிக் கணவர் இருமுறை நினைவூட்டினார். படகுகள் வந்து விளக்குகளை எடுக்கத் தொடங்கும்வரை நாங்கள் ஈர மணலில் நின்றுகொண்டிருந்தோம்.